வீட்டில் எச்.டி. டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது எப்படி: வேலூர் வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை தீபம் நெருங்கினாலும் ஐ.பி.எல். தொடங்கினாலும் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான் எழும்: டிவியில் வருவதை அப்படியே பிடித்து வைக்க முடியுமா? முடியும். ஆனால் எச்.டி. தெளிவு, விரும்பிய கட்டணச் சேனல், எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகக்கூடிய கோப்பு ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று தீர்மானிக்காமல் கடைக்குப் போகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பொருள் வாங்கும் பேச்சு கொஞ்சம் தாமதமாகவே வரும்.

1. எதற்காகப் பதிவு செய்கிறீர்கள்?

இரண்டு வகைத் தேவைகள் உண்டு. முதலாவது, வேலை முடிந்து வந்து பார்ப்பது. காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய்வருகிறவருக்கு இரவு ஏழரை மணி ஆட்டத்தைப் பத்து மணிக்குப் பார்த்தால் போதும். பார்த்ததும் அழித்துவிடுவார். இரண்டாவது, பாதுகாத்து வைப்பது. பிள்ளை மேடையேறிய நிகழ்ச்சி, ஊர்க் கோயில் குடமுழுக்கின் நேரலை, வெளிநாட்டு உறவினருக்குக் காட்ட வேண்டிய தீபத் திருவிழா போன்றவை பத்தாண்டு கழித்தும் வேண்டும்.

முதல் தேவைக்கு செட்டாப் பாக்ஸே போதும், எச்.டி. தெளிவு முழுதாகக் கிடைக்கும். இரண்டாம் தேவைக்கு பாக்ஸ் உதவாது, ஏனென்றால் அதன் பதிவுகள் அந்தப் பாக்ஸோடு கட்டுண்டவை. அங்கே பெரும்பாலும் தெளிவைக் குறைத்துக்கொண்டு கோப்பைப் பெற வேண்டியிருக்கும். உங்கள் தேவை எது என்று தெரிந்த பிறகு மேலே படியுங்கள். முதல் வகையினருக்கு 2 முதல் 6 வரையிலான பகுதிகள் போதும்.

2. வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பாருங்கள்

டிஷ்ஷா, கேபிளா, ஃபைபர் இணையமா? பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா, யு.எஸ்.பி. துளை இருக்கிறதா, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஏ.வி. துளைகளோ ஒற்றை 3.5 மி.மீ. துளையோ இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு வழியும் இந்தத் துளைகளைப் பொறுத்தே அமையும்.

யு.எஸ்.பி. துளை இருப்பதாலேயே பதிவு வசதி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சில பாக்ஸ்களில் அது படம், பாட்டு ஓட்டுவதற்கும் பழுதுபார்ப்பவர் மென்பொருள் ஏற்றுவதற்கும் மட்டுமே. ரிமோட்டில் சிவப்புப் புள்ளியுடன் பதிவுப் பொத்தான் இருக்கிறதா, மெனுவில் பதிவுக்கென்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நிறுவனத்தின் உதவி எண்ணில் பாக்ஸ் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். பதிவு வசதியைத் தனிக் கட்டணத்துக்குத் திறந்துவிடும் நிறுவனங்களும் உண்டு. ஆண்ட்ராய்டு பாக்ஸ் புதியது, விலை கூடியது என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். புதிய பாக்ஸ்கள் பலவற்றில் பதிவு வசதி கிடையாது.

அடுத்து, வருவது உண்மையில் எச்.டி.தானா? டிவி பெட்டியின் மேல் எச்.டி. என்று அச்சிட்டிருப்பது திரையைப் பற்றியது மட்டுமே. சேனலும் எச்.டி.யாக இருக்க வேண்டும், அது உங்கள் சந்தாவிலும் இருக்க வேண்டும், பாக்ஸும் எச்.டி. பாக்ஸாக இருக்க வேண்டும், டிவிக்குப் போகும் கம்பி எச்.டி.எம்.ஐ.யாக இருக்க வேண்டும். அரசு கேபிள் 2017-இல் வீடு வீடாகக் கொடுத்த இலவச பாக்ஸ்கள் எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) பாக்ஸ்கள், அவற்றை எந்த டிவியில் செருகினாலும் எச்.டி. வராது. ஒரே சேனல் எஸ்.டி., எச்.டி. என இரண்டு எண்களில் வருவதால், எஸ்.டி. எண்ணில் டைமர் வைத்துவிட்டுப் படம் மங்கல் என்று வருந்துவோரும் இருக்கிறார்கள். சேனல் எண்ணை எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

3. எவ்வளவு இடம் வேண்டும்?

நம் நாட்டு எச்.டி. ஒளிபரப்பு பெரும்பாலும் 1920-க்கு 1080 அளவில், நொடிக்கு 50 அரைப்படங்களாக (ஒவ்வொன்றிலும் படத்தின் பாதி வரிகள் மட்டும்) வருகிறது. பாக்ஸ் இதை மறுபடி சுருக்குவதில்லை; வந்த தரவை வந்தபடியே எழுதிக்கொள்கிறது. எனவே பதிவின் தரம் நேரலையின் தரமேதான், கோப்பின் அளவும் ஒளிபரப்பாளர் அனுப்பும் வேகத்தைப் பொறுத்தது.

கணக்கு எளிது. நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் அது நொடிக்கு 1 எம்.பி., மணிக்கு 3.6 ஜி.பி. நான்கு மணி நேர டி-20 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 14.5 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. பென் டிரைவில் நான்கு ஆட்டங்கள் அடங்கும். 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் 130 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். சேனலுக்குச் சேனல் வேகம் மாறும் என்பதால் கால்பங்கு இடத்தை எப்போதும் காலியாக விடுங்கள்.

பென் டிரைவா, ஹார்டு டிஸ்க்கா? வாரம் ஓரிரு நிகழ்ச்சி என்றால் பெயர்பெற்ற தயாரிப்பின் யு.எஸ்.பி. 3.0 பென் டிரைவ் போதும். தினமும் பதிவு செய்வதென்றால் ஹார்டு டிஸ்க் நல்லது, ஏனென்றால் மலிவான பென் டிரைவ்கள் தொடர்ந்து எழுதும்போது சூடேறி வேகம் குறைகின்றன, பதிவு நடுவில் அறுந்துபோகிறது. ஹார்டு டிஸ்க்கில் வேறொரு சிக்கல் உண்டு. பாக்ஸின் யு.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் டிஸ்க் சுழலப் போதாமல் போகலாம். டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வந்தாலோ, பாக்ஸ் அதை ஒரு நிமிடம் கண்டுபிடித்து மறு நிமிடம் இழந்தாலோ காரணம் அதுதான். தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி. ஹப் வழியாக இணைத்தால் சரியாகும்.

4. பாக்ஸிலேயே பதிவு செய்வது

பெரும்பாலான வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் பென் டிரைவைக் கணினியில் செருகி, உள்ளே இருப்பதை எல்லாம் வேறிடத்துக்கு மாற்றுங்கள். பாக்ஸ் தனக்கென்று டிரைவை ஃபார்மட் செய்யும். இருந்தவை எல்லாம் அழிந்துபோகும். திருமணப் புகைப்படங்கள் இருந்த டிரைவைச் செருகிவிட்டு, திரையில் வந்த கேள்விக்குப் படிக்காமலே ‘ஆம்’ கொடுத்துவிட்டு, பிறகு பதறி வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பதிவுக்கென்று ஒரு டிரைவை ஒதுக்கிவிட வேண்டும். அதை வேறெதற்கும் எடுக்கக் கூடாது.

பாக்ஸை அணைத்துவிட்டு டிரைவைச் செருகி, பின் இயக்குங்கள். சில பாக்ஸ்கள் இயங்கத் தொடங்கும்போதுதான் டிரைவைத் தேடுகின்றன. ஃபார்மட் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். வேகச் சோதனை கேட்டால் அதையும் முடித்துவிடுங்கள். இந்தச் சோதனையில் தோற்கும் டிரைவை எச்.டி. பதிவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்து இரண்டு நிமிடச் சோதனைப் பதிவு. எச்.டி. சேனலில் பதிவுப் பொத்தானை அழுத்தி, நிறுத்தி, உடனே ஓட்டிப் பாருங்கள். படத்தோடு ஒலியும் வருகிறதா என்று கவனியுங்கள். முக்கிய நாளுக்கு முந்தைய வாரமே இதைச் செய்ய வேண்டும். அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கோளாறு தெரிந்தால், ஆறு மணி தீபத்துக்குள் ஒன்றும் செய்ய முடியாது.

பதிவு சரியாக வந்ததும் அதன் எல்லைகளையும் அறிந்துகொள்ளுங்கள். கட்டணச் சேனலின் பதிவைப் பாக்ஸ் பூட்டியே எழுதுகிறது. அந்த டிரைவைக் கணினியில் செருகினால் ஒன்றும் தெரியாது, அல்லது ஓடாத கோப்புகள் தெரியும். அதே நிறுவனத்தின் வேறொரு பாக்ஸில் செருகினாலும் பொதுவாக ஓடாது. பாக்ஸ் பழுதாகி மாற்றினால் பழைய பதிவுகள் போய்விடும். சந்தா முடிந்தால் பழைய பதிவுகளைத் திறக்க விடாத பாக்ஸ்களும் இருக்கின்றன. கடைக்காரர் ‘கோப்பை மீட்டுத் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டிரைவில் பழுது இல்லை; பூட்டுக்குச் சாவி பாக்ஸுக்குள் இருக்கிறது.

5. டைமர் வைப்பது

பதிவுகள் தவறிப்போவதற்கு இங்கே பெரிய காரணம் தொழில்நுட்பம் அல்ல, சுவர் சுவிட்ச். இரவு படுக்கும் முன் டிவி, பாக்ஸ் எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்துவிடுவது நம் வீடுகளில் நல்ல பழக்கமாக இருக்கிறது. டைமர் வைத்த நாளில் அதை விட்டுவிட வேண்டும். பாக்ஸை ரிமோட்டால் மட்டும் அணைத்துக் காத்திருப்பு நிலையில் வையுங்கள். சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும். டிவியைத் தாராளமாக அணைக்கலாம், பதிவுக்கு டிவி தேவையில்லை. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், சுவிட்சின் மேல் ஒரு காகிதமும் ஒட்டிவையுங்கள்.

நேரத்தில் கவனம் தேவை. திருவண்ணாமலையில் பரணி தீபம் அதிகாலை 4 மணிக்கு, மலைமேல் மகாதீபம் மாலை 6 மணிக்கு. அதிகாலை நிகழ்ச்சிக்கு முந்தைய இரவே டைமர் வைப்பவர்கள் தேதியை மாற்ற மறந்துவிடுகிறார்கள், அல்லது காலை 4 என்பதை மாலை 4 ஆக்கிவிடுகிறார்கள். வைத்து முடித்ததும் டைமர் பட்டியலைத் திறந்து தேதி, நேரம், சேனல் எண் மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

நிகழ்ச்சிப் பட்டியலில் உள்ள நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். தொடக்கத்தில் ஐந்து நிமிடமும், தொடர் நாடகத்துக்கு இறுதியில் பத்து நிமிடமும் கூட்டுங்கள். கிரிக்கெட்டுக்கு இறுதியில் ஒரு மணி நேரம் கூட்டினாலும் அதிகமில்லை; மழையால் தாமதமானாலோ சூப்பர் ஓவர் வந்தாலோ பட்டியல் நேரம் பொருந்தாது. கடைசி ஓவரில் பதிவு நின்றுபோன வீட்டில் அன்றிரவு நடக்கும் சண்டையை விட 3.6 ஜி.பி. இடம் போவது மேல்.

ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாமா? பாக்ஸில் ஒரே டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) இருந்தால் முடியாது. டைமர் நேரம் வந்ததும் அது தானே சேனலை மாற்றிவிடும். அந்த நேரத்தில் யாராவது மாற்றினால் பதிவு அறுந்துபோகும். இரட்டை டியூனர் பாக்ஸ் இருந்தாலும் டிஷ்ஷிலிருந்து இரண்டு கம்பிகள் வர வேண்டியிருக்கும். இரட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி.யும் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) வேண்டும். டிஷ் நிறுவ வருகிறவரிடம் அன்றைக்கே இதைக் கேட்டு இரண்டு கம்பி இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரில் துளையிட்டு இழுப்பது கடினம்.

6. மின்தடை, வெயில், மழை

வேலூரில் இந்த மூன்றையும் கணக்கில் கொள்ளாமல் பதிவு செய்ய முடியாது.

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் பாக்ஸ் மறுபடி தொடங்க ஓரிரு நிமிடம் எடுக்கும். தொடங்கிய பிறகு பழைய பதிவைத் தொடரும் பாக்ஸ்கள் குறைவு; பல பாக்ஸ்கள் டைமரை மறந்து வெறுமனே ஏதாவது ஒரு சேனலைக் காட்டிக்கொண்டிருக்கும். எழுதிக்கொண்டிருந்த டிரைவும் பழுதாகலாம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்திலேயே சில பாக்ஸ்கள் அணைந்துவிடுகின்றன. எனவே கணினிக்கு வைக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை பாக்ஸுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் மட்டும் வையுங்கள். டிவியை அதில் சேர்த்தால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு நாளிதழில் வருகிறது. பகல் நேரப் பதிவு இருந்தால் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் இணைப்பு உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உங்கள் வீட்டில் யு.பி.எஸ். இருந்தாலும், தெருக்கம்பத்தில் சிக்னலைப் பெருக்கும் கேபிள் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போனால் சிக்னல் வராது. டிஷ்ஷில் இந்தத் தொல்லை இல்லை. பதிவு முக்கியம் என்று நினைக்கிறவர்களுக்கு டிஷ்ஷை நான் பரிந்துரைக்க இதுவே முதல் காரணம்.

அடுத்தது வெயில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள், பூவேலை செய்த துணியைப் போர்த்தி பாக்ஸை வைத்தால் அது நான்கு மணி நேரம் தொடர்ந்து எழுதாது. துணியை எடுத்துவிடுங்கள். பாக்ஸின் மேல் வேறு பாக்ஸை அடுக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கை பாக்ஸின் மேல் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள்.

மழையைத் தடுக்க முடியாது. அதன் பாதிப்பைக் குறைக்கலாம். டி.டி.எச். (டிஷ் வழி டிவி) நிறுவனங்கள் பயன்படுத்தும் கே.யூ. அலைவரிசை பெருமழையில் வலுவிழக்கும். நேரலையில் கட்டம் கட்டமாக உடையும் படம் பதிவிலும் அப்படியே உடைந்திருக்கும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் தெரியும், தரம்தான் முக்கியம். நல்ல வெயில் நாளிலேயே தரம் குறைவாக இருந்தால் டிஷ் சற்றுத் திரும்பியிருக்கிறது என்று பொருள், முதல் தூறலிலேயே படம் போய்விடும். மொட்டைமாடியில் கம்பி இணைப்புகளில் துரு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

7. டிவியின் சொந்த யு.எஸ்.பி. பதிவு

சில டிவிகளில் பதிவு வசதி உண்டு. அது டிவியின் உள்ளே இருக்கும் டியூனரில் நேரடியாக வரும் பூட்டில்லாத சேனல்களை மட்டுமே பதிவு செய்யும். எச்.டி.எம்.ஐ. வழியே பாக்ஸிலிருந்து வருவதை எந்த வீட்டு டிவியும் பதிவு செய்யாது. நம் பகுதியில் எல்லோருமே பாக்ஸ் வழியாகப் பார்ப்பதால் இந்த வசதியால் பயனில்லை. தூர்தர்ஷனின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னையில் இருக்கிறது, ஆனால் அதை நம்பி இங்கே ஆன்டெனா வாங்க வேண்டாம். அது வேலூர் வரை எட்டாது.

8. எச்.டி.எம்.ஐ. கேப்சர் கருவி

பாக்ஸிலிருந்து வரும் படத்தைக் கணினியில் பதிவு செய்ய இரண்டுக்கும் நடுவே செருகும் சிறிய கருவி. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, அதனால் பலர் முதலில் வாங்குவதே இதைத்தான். வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் கறுப்புத் திரைதான் கிடைக்கிறது.

காரணம், எச்.டி.சி.பி. என்னும் பூட்டு. பாக்ஸ் படத்தை அனுப்பும் முன் எதிரே இருக்கும் கருவிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கும். டிவி தன்னிடம் இருக்கிறது என்று பதில் சொல்லும். கேப்சர் கருவியால் சொல்ல முடியாது. உடனே பாக்ஸ் படத்தை நிறுத்திவிடும் அல்லது எச்சரிக்கை காட்டும். கருவியில் பழுது இல்லை, கம்பியிலும் இல்லை. கம்பியை மாற்றி மாற்றிச் செலவழிக்காதீர்கள்.

பூட்டை நீக்கும் ஸ்ப்ளிட்டர் (ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் கருவி) என்று சொல்லி விற்கப்படும் பொருளை வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஒளிபரப்பை ஒருவர் தன் சொந்தப் பயனுக்காகப் பதிவு செய்துகொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்கிறது. வீட்டில் பார்க்கப் பதிவு செய்வதில் தயங்க ஒன்றுமில்லை. அந்தப் பதிவை யூடியூபில் ஏற்றுவதும், வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும், உள்ளூர் கேபிளில் ஓடவிடுவதும் சொந்தப் பயன் ஆகாது. நல்ல எண்ணத்தோடு கோயில் விழாவைப் பகிர்வதாக இருந்தாலும், கோப்பைக் கொடுக்காமல் ஒளிபரப்பாளரின் சொந்த இணைப்பை அனுப்புங்கள்.

பூட்டில்லாத படம் வரும் கருவி உங்களிடம் இருந்தால், உதாரணமாக அடுத்துச் சொல்லும் திறந்த சேனல் பாக்ஸ் அல்லது உங்கள் சொந்த வீடியோ கேமரா, அப்போது கேப்சர் கருவி நன்றாகவே உதவும். அட்டையில் 4கே என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல மலிவுக் கருவிகள் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் கணினிக்கு 1080 அளவில் நொடிக்கு 30 படங்களாகத்தான் கொடுக்கும். நம் ஒளிபரப்பு 25, 50 கணக்கில் வருவதால் 30-இல் பிடித்தால் பந்து ஓடுவதும் திரையடியில் எழுத்து ஓடுவதும் திக்கித் திக்கித் தெரியும். கணினியில் பதிவு செய்யும் ஓ.பி.எஸ். மென்பொருளின் வீடியோ அமைப்பில் 25 அல்லது 50 என்று வையுங்கள். கருவியும் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். பதிவை எம்.கே.வி. வடிவில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனால் எம்.பி.4 கோப்பு மொத்தமாகத் திறக்காமல் போகலாம், எம்.கே.வி.யில் அதுவரை பதிவானது மிஞ்சும்.

9. திறந்த சேனல்கள்: டிடி ஃப்ரீ டிஷ்

பாதுகாத்து வைக்க வேண்டும் என்று முதல் பகுதியில் தீர்மானித்தவர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா இல்லை. அதன் எம்பெக்-2 (பழைய சுருக்க முறை) சேனல்கள் பூட்டில்லாமல் வருகின்றன. பதிவு வசதியுள்ள திறந்த சேனல் பாக்ஸில் பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்தால் கணினியில் ஓடும் சாதாரணக் கோப்பு கிடைக்கிறது. வி.எல்.சி. என்னும் வீடியோ மென்பொருளில் திறக்கலாம், நகலெடுக்கலாம், பேரன் பேத்திக்கும் விட்டுச் செல்லலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அதில் வருபவை பெரும்பாலும் எஸ்.டி. சேனல்கள். தமிழ்த் தனியார் சேனல்கள் மிகக் குறைவு. ஆனால் பொதிகையாக இருந்து 2024-இல் பெயர் மாறிய டிடி தமிழ் கிடைக்கிறது. கோயில் விழா, கர்நாடக இசை, அரசு விழா ஆகியவற்றுக்கு அது போதும்.

டிஷ் திருப்புவது கடினமில்லை. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்கே 93.5 டிகிரியில் இருக்கிறது. வேலூரிலிருந்து அது தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 67 டிகிரி உயரத்தில், அதாவது தலைக்கு மேல் செங்குத்துக்குச் சற்று அருகில் இருக்கிறது. அதனால் ஊரைச் சுற்றியுள்ள மலைகள் மறைப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தென்னையும் மாடியில் எழும்பிய தண்ணீர்த் தொட்டியும்தான் மறைக்கும். வேறு நிறுவனத்தின் பழைய டிஷ் மாடியில் சும்மா கிடந்தால் அதையே இந்தத் திசைக்குத் திருப்பிப் பயன்படுத்தலாம்.

பென் டிரைவ் ஃபேட்32 என்னும் பழைய ஃபார்மட் வடிவில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது. எஸ்.டி. பதிவிலும் நீண்ட நிகழ்ச்சிகள் இந்த எல்லையைத் தொடும், எச்.டி. வேகத்தில் என்றால் எழுபது நிமிடத்திலேயே தொட்டுவிடும். நல்ல பாக்ஸ்கள் அடுத்த கோப்பைத் தாமாகவே தொடங்கும், மற்றவை நின்றுவிடும். இரண்டு மணி நேரச் சோதனைப் பதிவு செய்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாக்ஸ் என்.டி.எஃப்.எஸ். வடிவை ஏற்றால் அதற்கு மாறிவிடுங்கள்.

10. கட்டணச் சேனலைப் பாதுகாக்க வேண்டுமென்றால்: ஏ.வி. வழி

மகள் ஆடிய நடனப் போட்டி கட்டணச் சேனலில்தான் வருகிறது, கோப்பாகவும் வேண்டும். அப்போது தெளிவைத்தான் விட வேண்டும். பாக்ஸின் ஏ.வி. வெளியீடு அனலாக் வகை, எச்.டி.எம்.ஐ. பூட்டு அதில் இல்லை. யு.எஸ்.பி. ஏ.வி. கேப்சர் கருவி வழியே 720-க்கு 576 அளவில் பதிவு செய்யலாம். சில நிகழ்ச்சிகளுக்கு இந்த வெளியீட்டையும் பாக்ஸ் தடுக்கக்கூடும், அதனால் இங்கேயும் முன்சோதனை அவசியம்.

3.5 மி.மீ. துளைக்கான ஏ.வி. கம்பி எல்லா பாக்ஸுக்கும் பொதுவல்ல. உள்ளே இணைப்பு வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் மஞ்சள் முனைக்குப் பதில் சிவப்பு முனையைப் படத்துளையில் செருகிப் பாருங்கள். அப்போது படம் வந்தால் கம்பியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மென்பொருளில் நம் நாட்டு அனலாக் டிவி முறையான பால் (PAL) முறையையும் 25 படங்களையும் தேர்ந்தெடுங்கள். வேறு முறையில் வைத்தால் நிறமில்லாமலோ உருண்டோடியோ தெரியும். பாக்ஸ் மெனுவில் ஏ.வி.க்கான பட விகிதத்தை 16:9 ஆக வையுங்கள். இல்லையென்றால் முகங்களின் வடிவம் மாறித் தெரியலாம்.

சேனலின் சொந்தச் செயலியையும் பார்த்துவிடுங்கள். பல நிகழ்ச்சிகள் ஒளிபரப்பான பிறகு அங்கே எச்.டி.யில் இருக்கின்றன, ஃபைபர் இணைப்புடன் வரும் டிவி சேவைகளிலும் கடந்த சில நாள் நிகழ்ச்சிகளைப் பின்னோக்கிப் பார்க்கலாம். செயலிக்குள் பதிவிறக்குவது காலாவதியாகும், திரைப்பதிவு செய்தால் கறுப்பாகத்தான் வரும். எனவே இது பார்ப்பதற்கான வழி மட்டுமே.

11. கோப்பைச் சீர்செய்து வைப்பது

கோப்பு கிடைத்ததும் முதலில் அப்படியே ஒரு நகல் எடுங்கள், பிறகே கை வையுங்கள். விளம்பரங்களை நீக்க லாஸ்லெஸ்கட் போன்ற, மறுபடி சுருக்காமல் வெட்டும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறை மறுபடி சுருக்கும்போதும் படம் சற்று மங்கும். வேகமான அசைவுகளில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால் அது அரைப்பட முறையால் வருவது. வி.எல்.சி.யில் டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழுப்படமாக்கும்) வசதியை இயக்கினால் ஓட்டும்போதே மறைந்துவிடும், கோப்பை மாற்ற வேண்டியதில்லை.

பெயரில் தேதியை முதலில் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள், பிறகு நிகழ்ச்சி. கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அமையும். பென் டிரைவில் மட்டும் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒரு நகல் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும், இன்னொன்று வேறு வீட்டில், சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்து, ஓடாததை மற்றதிலிருந்து மறுபடி நகலெடுத்துவிடுங்கள்.